ஓமனின் பேரீச்சைச் சோலைகளும் மண் ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓமனுக்கு வருகிற நம்மவர்களில் பெரும்பாலோர் மஸ்கட் கடற்கரை, சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல், முத்ரா கடைத்தெரு மூன்றையும் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நாட்டின் பழைய வாழ்க்கை பேரீச்சந்தோப்புகளுக்குள் இன்னும் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிற உறவினர்களும் நண்பர்களும், இங்கேயே வேலை பார்த்தும் அந்தப் பக்கம் போகாதவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். தண்ணீரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் அப்படி முடித்துவிட முடியாது.

பாலைவனச்சோலை என்றால் மணல்மேட்டுக்கு நடுவில் ஒரு குளமும் நாலு மரமும்தானே?

படங்களில் பார்த்துப் பழகியது அது. ஓமனின் உள்நாட்டுச் சோலைகள் பெரும்பாலும் ஹஜர் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கின்றன. மலை மொட்டைப் பாறை, அதற்குக் கீழே கல் பரந்த வெட்டவெளி, நடுவில் சட்டென்று கரும்பச்சையாக ஒரு தோப்பு, தோப்பின் ஓரத்தில் மண் நிறத்தில் வீடுகள். நிஸ்வா, பஹ்லா, அல் ஹம்ரா, இஸ்கி, மனாஹ் எல்லாம் இந்த மாதிரி ஊர்கள்தான். மணல்மேட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிற சோலையைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே ஷர்க்கியா பகுதியில் பிதியா வரை போக வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தோப்புக்குள் நுழைந்ததும் வெயில் தணிவதை உடம்பே சொல்லும். மேலே பேரீச்சை மட்டைகள் கூரைபோட்டிருக்கும். அதன் நிழலில் எலுமிச்சை, மா, வாழை, மாதுளை. அதற்கும் கீழே பாத்திகளில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் குதிரைமசால். ஒரே தண்ணீர் மூன்று அடுக்குக்கும் பாய்கிறது.

மழையே இல்லாத இடத்தில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மலையிலிருந்து. உச்சிகளில் பெய்கிற கொஞ்ச மழை பாறை வெடிப்பு வழியே இறங்கி, அடிவாரத்துச் சரளைக்கு அடியில் தங்குகிறது. அதை இறைக்காமல், மோட்டார் இல்லாமல், சரிவை மட்டும் நம்பி ஊருக்குக் கொண்டுவருகிற வாய்க்கால்தான் ஃபலஜ். பன்மையில் அஃப்லாஜ் என்பார்கள்.

ஃபலஜில் மூன்று வகை உண்டு. ஊற்றிலிருந்து நேரே வருவது ஐனி. காட்டாற்றுப் படுகையில் ஓடுகிற தண்ணீரை மறித்துத் திருப்புவது கைலி. மூன்றாவதான தாவூதிதான் அதிசயம். மலையடியில் ஒரு தாய்க்கிணறு தோண்டி நிலத்தடி நீரைத் தொடுவார்கள். அங்கிருந்து பூமிக்கு அடியிலேயே, தண்ணீர் ஓடுகிற அளவுக்கு மட்டும் சாய்வு விட்டு, கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் வெட்டிக்கொண்டு வருவார்கள். இடையிடையே காற்றுக்கும் மண் அள்ளுவதற்கும் கிணறுபோல் துளைகள் இருக்கும். சாய்வு கூடினால் தண்ணீர் சுரங்கத்தை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். இந்த வேலையில் அவாமிர் என்ற குலத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேர்பெற்றவர்கள். நபி சுலைமான் இந்தப் பக்கம் வந்தபோது பத்தே நாளில் பத்தாயிரம் வாய்க்கால்களை ஜின்களைக் கொண்டு வெட்டினார் என்று ஊர்க்கதை சொல்கிறது. சுரங்கத்தின் வாயில் நின்று பார்த்தால் அந்தக் கதை ஏன் பிறந்தது என்று புரியும்.

வழியில் காட்டாறு குறுக்கிட்டால் அதற்கும் ஒரு வித்தை வைத்திருந்தார்கள். ஆற்றின் இக்கரையில் வாய்க்காலைக் கிணறாக இறக்கி, ஆற்றுப் படுகைக்கு அடியில் குழாய்போல் கடத்தி, அக்கரையில் மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். இந்தப் பக்கம் விழுகிற தண்ணீரின் அழுத்தமே அந்தப் பக்கம் ஏற்றுகிறது. வெள்ளம் மேலே புரண்டு ஓடும்போது ஃபலஜ் பாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

1990களின் பிற்பகுதியில் நாடு முழுக்க எடுத்த கணக்கில் 4,112 அஃப்லாஜ் பதிவாயின; 3,017 அப்போது ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது: நிஸ்வாவின் தாரிஸ், பிர்கத் அல் மவுஸின் கத்மைன், இஸ்கியின் மல்கி, ருஸ்தாக் பக்கத்து முயஸ்ஸர், ஸூர் பக்கத்து ஜைலா.

ஊர் முழுக்க ஒரே வாய்க்கால் என்றால் சண்டை வராதா? யார் பங்கிடுகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வீடுகளையும் கோட்டைகளையும் பார்ப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டு போனால், ஊர் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று தானாகப் பிடிபடும்.

சுரங்கம் வெளிச்சத்துக்கு வருகிற இடம் ஊரின் தலைமாட்டில் இருக்கும். அங்கே யாரும் கையைக் கழுவக்கூடக் கூடாது, அது குடிதண்ணீர். அதற்குக் கீழே ஆண்கள் குளிக்கிற மறைப்பு, பெண்கள் குளிக்கிற மறைப்பு, தொழுகைக்கு முன் கைகால் கழுவப் பள்ளிவாசலுக்கு ஒரு கிளை. இவ்வளவும் தாண்டிய பிறகுதான் தோப்புக்கு. தோப்பிலும் பேரீச்சைக்கு முதலிடம். கோதுமை, காய்கறி என்று பருவத்துக்கு விதைக்கிற நிலம் கடைசியில் இருக்கும். வறட்சி வந்து தண்ணீர் மெலிந்தால் அந்தக் கடைசி நிலத்தைத் தரிசாக விட்டுவிடுவார்கள். மரங்கள் பிழைத்துக்கொள்ளும்.

தோப்புக்காரர்களுக்குத் தண்ணீரை அளப்பது நேரக் கணக்கில். அரை மணி நேரப் பாய்ச்சல் ஓர் அதர். 24 அதர் சேர்ந்தால் ஒரு பாத்தா, அதாவது அரை நாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுற்றில் இத்தனை அதர் என்று பாத்தியதை உண்டு. அது சொத்து. மகனுக்கும் மகளுக்கும் போகும், விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பள்ளிவாசலுக்கு எழுதிவைக்கலாம். நிலம் ஒருவரிடமும் தண்ணீர் வேறொருவரிடமும் இருப்பது இங்கே சாதாரணம். ஃபலஜுக்கென்றே சில பங்குகள் ஒதுக்கியிருப்பார்கள். அவற்றை ஊரார் முன்னிலையில் ஏலம் விட்டு, வருகிற பணத்தில் சுரங்கத்தைத் தூர் வாருகிறார்கள், சுவர் பூசுகிறார்கள்.

கணக்குப் புத்தகம் வக்கீல் என்பவர் பொறுப்பு. இவர் கோர்ட் வக்கீல் இல்லை, ஃபலஜின் காரியதரிசி. அவருக்குக் கீழே அரீஃப். யார் முறை எப்போது முடிகிறது, யாருடையது தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்பவர். நம் கண்மாய்ப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி பார்க்கிற வேலையைத்தான் அரீஃப் இங்கே பார்க்கிறார், அதே பொறுப்பு, அதே வசவு.

கடிகாரம் வருவதற்கு முன்னால் பகலில் நிழல் பார்த்தார்கள். திறந்தவெளியில் ஒரு கம்பம், அதன் நிழல் விழுகிற தரையில் வரிசையாகக் கற்கள். நிழல் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நகர்ந்தால் இன்னாருடைய முறை முடிந்தது. இரவில் நட்சத்திரம். குறிப்பிட்ட நட்சத்திரம் எதிர்மலை விளிம்புக்கு மேலே தலைகாட்டினால் மடை மாற வேண்டும். இப்போது எல்லோர் கையிலும் மொபைல் இருக்கிறது. ஆனால் மடையைத் திறக்கிற முறை மாறவில்லை: வாய்க்கால் வாயில் ஒரு தட்டைக் கல், அதைச் சுற்றிப் பழந்துணியும் சேறும். முறை வந்தவர் துணியைப் பிடுங்கிக் கல்லைத் தூக்குகிறார், தண்ணீர் திரும்புகிறது. காலையில் தோப்புக்குள் நடந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தோப்பில் வேலை பார்ப்பவர்கள் இப்போது பெரும்பாலும் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். இந்தி தெரிந்தால் பேச்சுக் கொடுங்கள், பொறுமையாக விளக்குவார்கள்.

ஃபலஜை எந்த ஊரில் பார்ப்பது நல்லது?

ஒரே இடம்தான் போக முடியும் என்றால் பிர்கத் அல் மவுஸ். மஸ்கட்டிலிருந்து நிஸ்வா போகிற நெடுஞ்சாலையிலேயே, நிஸ்வாவுக்குச் சற்று முன்னால் வருகிறது. கத்மைன் ஃபலஜ் இங்கே பைத் அல் ருதைதா என்ற பழைய மாளிகையின் அருகில் மூன்று சம பங்காகப் பிரிகிறது. மூன்று வாயிலும் தண்ணீர் ஒரே அளவு போவதை நின்று பாருங்கள். அளவுகோல் ஏதும் இல்லை, கல்லை வைத்த விதம்தான் கணக்கு. வாய்க்காலோடு நடந்தால் வாழைத்தோட்டமும் பேரீச்சையும், தலைக்கு மேலே சரிவில் இடிந்த மண் ஊரும் ஒன்றாகத் தெரியும். நிஸ்வாவின் தாரிஸ் பெரியது, பூங்கா போட்டு வைத்திருக்கிறார்கள், குழந்தைகளோடு போக வசதி. ஆனால் ஊரும் தண்ணீரும் சேர்ந்து தெரிகிற அழகு பிர்கத் அல் மவுஸில்தான்.

வாய்க்காலில் இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம். ஊராருக்கான குளியல் மறைப்புகள் இருக்கின்றன, அவை அவர்களுக்கு. பூங்கா மாதிரி இடங்களில் கால் நனைக்கலாம், சின்ன மீன்கள் பாதத்தைக் கடிக்கும். சோப்பு, ஷாம்பு எதுவும் தண்ணீரில் படக்கூடாது. கீழே ஒரு தோப்பு அதைக் குடிக்கப்போகிறது.

மண் வீடுகள் எப்படி நிற்கின்றன? மழையில் கரையாதா?

கரையும். அதனால்தான் பராமரிப்பு அந்த வீட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது.

முதலில் இடுப்பளவுக்குக் கல் அஸ்திவாரம், வெள்ளமும் கசிவும் மண்ணைத் தொடாதபடி. அதற்கு மேல் களிமண்ணில் வைக்கோல் மிதித்துச் சேர்த்து, அச்சில் போட்டு, வெயிலில் காயவைத்த சுடாத கல். அதன் மேல் அதே மண்ணாலும் வைக்கோலாலும் பூச்சு. கூரைக்குப் பேரீச்சை மரத்தைப் பிளந்து உத்திரமாகப் போட்டு, மேலே ஓலைப்பாய் விரித்து, அதன் மேல் மண் கொட்டி அடித்திருப்பார்கள். தண்ணீர் படுகிற இடங்களுக்கு ஸாரூஜ் என்று ஒரு காரை. களிமண்ணைச் சூளை வைத்துச் சுட்டுப் பொடித்துச் சுண்ணாம்போடு குழைப்பது. வாய்க்கால், தொட்டி, கோட்டைச் சுவர் எல்லாவற்றிலும் அதைப் பார்க்கலாம்.

சுவர் தடிமனாக இருப்பதால் பகல் வெயில் உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அல் ஹம்ராவில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் கை வைத்துப் பாருங்கள், மத்தியானத்திலும் சுவர் ஜில்லென்று இருக்கும். சுவரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் வைக்கோல் துணுக்குகள் தெரியும். பூச்சு போட்டவரின் விரல் இழுத்த தடம் சில இடங்களில் அப்படியே காய்ந்து நிற்கிறது.

மழைக்குப் பிறகு பூச்சைப் புதுப்பித்து, கூரை மண்ணை இறுக்கிக்கொண்டே இருந்தால் இப்படிப்பட்ட வீடு நூற்றாண்டுகள் நிற்கும். ஆள் போய்விட்டால் முதலில் கூரை ஓட்டை விடும், உத்திரத்தைக் கரையான் அரிக்கும், கூரை விழும், பிறகு மழை சுவரின் தலையில் நேரே இறங்கும். பஹ்லா கோட்டைக்கே அந்தக் கதிதான் வந்தது. 1987இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அது, மழைக்கு மழை சரிந்துகொண்டிருந்ததால் மறுவருடமே ஆபத்துப் பட்டியலுக்கும் போனது. பல வருடம் மண்ணாலேயே சீர்செய்த பிறகு 2004இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து மீண்டது.

இத்தனை வீடுகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன? பஞ்சமா, போரா?

பெரும்பாலான ஊர்களில் இரண்டும் இல்லை. 1970 ஜூலையில் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாடு முழுக்கத் தார்ச்சாலை சுமார் 10 கி.மீ., பள்ளிக்கூடம் மூன்று. எண்ணெய்ப் பணத்தில் சாலை, மின்சாரம், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் வேகமாக வந்தன. மக்கள் தோப்பை ஒட்டிய மண் வீட்டைப் பூட்டிவிட்டு, கார் போகிற தெருவில் சிமெண்ட் வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தப் பழைய தெருக்களில் இரண்டு பேர் எதிரெதிரே நடப்பதே சிரமம். பழைய வீடுகளை விட்டுப் போனதற்காக யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பிரசவ வலி வந்த பெண்ணைக் கழுதைமேல் ஏற்றி மலை இறக்கிய காலத்தைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. நல்ல விஷயம், வீட்டை விட்டார்களே தவிரத் தோப்பை விடவில்லை. மாலையில் காரை நிறுத்திவிட்டு மரத்தைப் பார்க்க வந்துவிடுவார்கள்.

போரால் அழிந்த ஊரும் ஒன்று உண்டு. நிஸ்வாவிலிருந்து பஹ்லா போகிற வழியில் தனூஃப். 1950களில் உள்நாட்டுப் பகுதியை ஆண்ட இமாமுக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் நடந்த சண்டையில், சுல்தானுக்கு உதவிய பிரிட்டிஷ் விமானப்படை குண்டு வீசித் தகர்த்தது. சுவர்கள் பாதிப்பாதியாக நிற்கின்றன. அதன் பக்கத்தில் ஃபலஜ் இன்னும் ஓடுகிறது.

எந்தெந்த மண் ஊர்களைப் பார்க்கலாம்?

அல் ஹம்ராவுக்கு என் முதல் ஓட்டு. இரண்டு மூன்று மாடி மண் வீடுகள் பாறைச் சரிவில் படிப்படியாக இறங்கித் தோப்பைத் தொடுகின்றன. சில வீடுகள் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறியிருக்கின்றன, மீதி அப்படியே. பைத் அல் ஸஃபா என்ற பழைய வீட்டைக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நாளில் போனால் ஊர்ப் பெண்கள் காப்பிக்கொட்டை வறுத்து இடிப்பதையும், சூடான கல்லில் மாவை உள்ளங்கையால் தேய்த்துக் காகிதம்போல் ரொட்டி எடுப்பதையும், முருங்கை இனத்தைச் சேர்ந்த ஒரு மலை மரத்தின் விதையை அரைத்து எண்ணெய் பிழிவதையும் செய்து காட்டுவார்கள்.

அங்கிருந்து மலைமேல் கொஞ்ச தூரத்தில் மிஸ்ஃபாத் அல் அப்ரியீன். வீடுகள் பாறையின் மேலேயே கல்லும் மண்ணுமாக எழும்பியிருக்கின்றன. ஃபலஜ் ஊருக்குள்ளேயே, நீங்கள் நடக்கிற படிக்குப் பக்கத்திலேயே ஓடி, படிக்கட்டுத் தோப்புகளுக்கு இறங்குகிறது. ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் பட்டியலில் 2021இல் இடம்பெற்ற பிறகு கூட்டம் கூடிவிட்டது. வார இறுதியைத் தவிருங்கள். இங்கே ஆட்கள் வசிக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு வளைவிலும் நினைவில் வையுங்கள்.

பஹ்லாவில் கோட்டையைத் தவிரச் சோலையையே சுற்றி வளைத்த மண் மதில் சுமார் 12 கி.மீ. நீளம். ஊரில் மண்பாண்டம் செய்கிற பட்டறைகளும் இருக்கின்றன. மனாஹில் உள்ள ஹாரத் அல் பிலாத் என்கிற பழைய தெருக்கட்டு சீர்செய்யப்பட்டு அமைதியாக இருக்கிறது. நிஸ்வாவில் கோட்டையை ஒட்டிய அல் அக்ர் தெருவில் மண் வீடுகளைச் செப்பனிட்டுத் தங்கும் விடுதிகளாக்கியிருக்கிறார்கள். ஓர் இரவாவது அப்படி ஒரு வீட்டில் தங்குங்கள். ஊர்க்காரர்களே நடத்துகிற இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் கொடுக்கிற வாடகை அந்த வீட்டின் அடுத்த பூச்சுக்குப் போகும்.

இடிந்த வீடுகளுக்குள் போய்ப் படமெடுக்கலாமா?

தெருவில் நடக்கலாம். கூரை இருக்கிற பழைய வீட்டுக்குள், அதுவும் மாடிக்கு, தயவுசெய்து ஏறாதீர்கள். மேலே திடமாகத் தெரிகிற தரைக்குக் கீழே உத்திரம் உளுத்துப் போயிருக்கும். தேள், வௌவால் எல்லாம் உண்டு. சாத்தியிருக்கிற கதவு சாத்தியே இருக்கட்டும். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார். செதுக்குவேலை உள்ள கதவுத் துண்டு, பானை ஓடு எதையும் எடுத்து வரக்கூடாது. ட்ரோன் பறக்கவிட முன்அனுமதி வேண்டும்.

கோட்டைகளில் எதைத் தவறவிடக்கூடாது?

நேரம் இருந்தால் நிஸ்வாவும் ஜப்ரீனும். நிஸ்வா கோட்டையின் பெரிய வட்டக் கோபுரத்தை 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டினார். ஜப்ரீன் அவர் மகன் பில்அரப் கட்டிய மாளிகை. விதானத்தில் வண்ண ஓவியம், மேலும் கீழும் ஜன்னல் வைத்துக் காற்றை இழுக்கிற கூடம், உள்ளேயே ஓடுகிற வாய்க்கால்.

இரண்டிலும் பேரீச்சைக் கிட்டங்கியைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். தரையில் வரிவரியாகப் பள்ளம் ஓடும். பழ மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் மூட்டையின் பாரத்தில் கீழ் மூட்டை பிழிந்து, பாகு அந்தப் பள்ளங்களில் வழிந்து ஓரத்துச் சாடியில் சேரும். அது சமையலுக்கு. முற்றுகை வந்தால் அதையே கொதிக்கவைத்து, வாசலுக்கு நேர் மேலே விட்டிருக்கிற ஓட்டை வழியாக எதிரியின் தலையில் ஊற்றுவார்கள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த ஓட்டை தெரியும்.

நிஸ்வாவில் வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆட்டுச் சந்தை. வாங்குபவர்கள் வட்டமாக இருக்க, விற்பவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி விலை கூவிச் சுற்றி வருவார்கள். கைகாட்டியவர் ஆட்டின் பல்லையும் மடியையும் தொட்டுப் பார்ப்பார். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

எந்த மாதத்தில் போவது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுகம். அக்டோபரும் மார்ச்சும் பரவாயில்லை. மே முதல் செப்டம்பர் வரை உள்நாட்டில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்.

குளிர்காலக் கடைசியில் போனால் ஒரு காட்சி கிடைக்கும். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பினால் காய்ப்பு குறையும் என்பதால் மனிதர்களே மகரந்தம் சேர்க்கிறார்கள். இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஹாபூல் என்கிற கயிற்று வாரை மாட்டிக்கொண்டு ஒருவர் ஏறுவார். சாய்ந்து நின்று, புதிதாகப் பாளை வெடித்த பெண் பூங்கொத்தைப் பிரித்து, ஆண் பூவின் இரண்டு மூன்று இழைகளை நடுவில் செருகி, ஓலைக்கீற்றால் ஒரு கட்டுப் போட்டுவிட்டு அடுத்த பாளைக்குத் திரும்புவார். கீழே நிற்பவர்கள்மேல் மாவுபோல மகரந்தம் உதிரும். ஒரு ஆண் மரம் பல பத்துப் பெண் மரங்களுக்குப் போதும்.

பழம் கனிந்து கையில் பிசுபிசுக்கிற பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வெயிலைத் தாங்குகிறவர்கள், இங்கேயே இருக்கிறவர்கள் அப்போது ஒரு விடிகாலை போய் வாருங்கள். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது, அதைப் பார்த்துத் தேதி வைக்கவும்.

பேரீச்சம்பழத்தில் எதை வாங்குவது?

கலாஸ் எல்லோருக்கும் பிடிக்கும், காப்பிக்கு ஏற்றது. ஃபர்த் கருத்து, கெட்டியாக இருக்கும், நாள்பட நிற்கும். குனைஸி சிவப்பு. சீசனில் முதலில் வருவது நகால். மப்ஸலி என்று ஒரு ரகம் உண்டு. காயாக இருக்கும்போதே குலையோடு அறுத்து, பெரிய செம்புக் கொப்பரைகளில் வேகவைத்து, வெயிலில் உலர்த்துவார்கள். பிதியா பக்கம் ஜூலையில் இந்த வேலை ஊர்த் திருவிழா மாதிரி நடக்கும். அந்தச் சரக்கின் பெரிய சந்தை பல தலைமுறைகளாக இந்தியாதான். நம் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கிற உலர்ந்த பேரீச்சங்காயைக் கையில் எடுக்கும்போது இந்தக் கொப்பரைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மணல்மேட்டையும் பார்க்க வேண்டும். எப்படி?

ஷர்க்கியா மணல்வெளி, வஹீபா என்பது பழைய பெயர். வடக்கு தெற்காகச் சுமார் 180 கி.மீ. நீளம். பிதியாவில் தோப்பு முடிகிற இடத்திலேயே மணல் தொடங்குகிறது, மேடுகள் 100 மீட்டர் வரை உயரும். கூடாரம் நடத்துபவர்களிடம் முன்பதிவு செய்தால் பெட்ரோல் பங்க்கிலிருந்து அவர்களே வண்டியில் கூட்டிப்போவார்கள். மணலில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் சொந்தமாக இறங்க வேண்டாம். டயர் காற்றைக் குறைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, சிக்கினால் இழுக்க இன்னொரு வண்டி வேண்டும்.

நிஸ்வாவிலிருந்து ஸினாவ் வழியாகப் போகலாம். வியாழக்கிழமை அமைந்தால் ஸினாவ் சந்தையில் ஒட்டகம் விற்பதைப் பார்க்கலாம். இப்ராவில் புதன்கிழமை பெண்களுக்கான சந்தை. அங்கே ஆண்கள் ஒதுங்கியிருப்பது மரியாதை. இப்ராவின் முன்ஸஃபா தெருவில் வளைவு வாசல்களோடு பெரிய வீடுகள் இடிந்து நிற்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்க வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டியவை.

விசா, வண்டி, செலவு?

சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு நேரடி விமானம், நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. விசாவை ராயல் ஓமன் போலீஸ் இணையதளத்தில் இ-விசாவாக எடுக்கலாம். விதிகள் மாறும் என்பதால் டிக்கெட் போடும் முன் அங்கேயே பார்த்துவிடுங்கள். ஒரு ரியால் 1,000 பைசா, சுமார் 2.6 அமெரிக்க டாலர். நாணயம் விலை கூடியது. தங்கும் இடத்தை முன்பே பதிவு செய்தால் மிச்சம்.

மஸ்கட்டிலிருந்து நிஸ்வாவுக்கு அரசின் முவாஸலாத் பஸ் உண்டு. ஆனால் அங்கிருந்து சின்ன ஊர்களுக்குப் போக டாக்ஸிதான். வாடகைக் கார் எடுப்பதே வசதி. வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்து வாருங்கள். நான் மேலே சொன்ன அடிவார ஊர்கள் எல்லாவற்றுக்கும் சாதாரணக் கார் போதும். ஜபல் அக்தர் மலைக்கு ஏற மட்டும் ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம், பிர்கத் அல் மவுஸிலேயே போலீஸ் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள்.

பாலைவனத்தில் பயப்பட வேண்டியது எது? வெயிலா, வழி தவறுவதா?

தண்ணீர். காட்டாற்றை இங்கே வாதி என்கிறார்கள். நாள்தோறும் வறண்டு கிடக்கிற படுகையில், மலைமேல் எங்கோ பெய்த மழை கொஞ்ச நேரத்தில் சுவர்போல் இறங்கும். நீங்கள் நிற்கிற இடத்தில் வானம் நீலமாகவே இருக்கும். 2024 ஏப்ரலில் வடக்கு ஷர்க்கியாவில் வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டி அடித்துச் செல்லப்பட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். வாதிக்குள் கூடாரம் போடாதீர்கள். சாலையைத் தண்ணீர் கடந்துகொண்டிருந்தால், முன்னால் போகிற வண்டி தாண்டிவிட்டது என்று நீங்களும் இறங்காதீர்கள். காத்திருங்கள், சில மணி நேரத்தில் வடியும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கவலையே வேண்டாம். எந்தச் சின்ன ஊரிலும் மலையாளிகள் நடத்துகிற டீக்கடை ஒன்று இருக்கும். பரோட்டா, பருப்பு, காய்கறிக் குருமா, டீ கிடைக்கும். ஓமானி வீட்டு விருந்து என்றால் சோறும் இறைச்சியும்தான், முன்பே சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டார்கள்.

யாராவது காப்பிக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். முதலில் பேரீச்சை, பிறகு ஏலக்காய் போட்ட கஹ்வா, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில், சர்க்கரை இல்லாமல். வலக்கையால் வாங்குங்கள். கிண்ணம் காலியானதும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உடை, பெண்கள் தனியாகப் போவது, குடும்பத்தோடு போவது?

தோளும் முழங்காலும் மூடிய உடை ஆண், பெண் இருவருக்கும். சுடிதார், துப்பட்டா போதும். பெண்கள் தனியாக வந்து நிம்மதியாகச் சுற்றிவிட்டுப் போகிறார்கள், நிஸ்வாவிலும் அல் ஹம்ராவிலும் நானே பலரைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெண்களைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. சந்தையில் ஆண்களையும் கேட்டுவிட்டு எடுப்பதே அழகு. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

எத்தனை நாள் வேண்டும்?

மூன்று இரவு இருந்தால் நன்றாகப் பார்க்கலாம். வியாழக்கிழமை காலையில் மஸ்கட்டை விட்டுக் கிளம்பிப் பிர்கத் அல் மவுஸில் இறங்கி வாய்க்காலோடு நடங்கள், இரவு நிஸ்வா. வெள்ளி விடிகாலை ஆட்டுச் சந்தை. மதியத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடிவிடும், அதற்குள் கோட்டையை முடித்துவிட்டுத் தனூஃப் வழியாக அல் ஹம்ரா போய்த் தங்கலாம். மறுநாள் காலை கூட்டம் வருவதற்கு முன் மிஸ்ஃபாத், பிற்பகல் பஹ்லாவும் ஜப்ரீனும். கடைசி இரவைப் பிதியா மணலில் வைத்தால் பகலில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருக்கும். வயதானவர்கள் கூட இருந்தால் அதை விட்டுவிட்டு அல் ஹம்ராவிலேயே இன்னொரு நாள் இருங்கள். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் கோட்டைகளில் ஒன்றைக் குறையுங்கள், தோப்பில் நடக்கிற நேரத்தைக் குறைக்காதீர்கள்.